யாருக்கும் சொந்தமில்லாத காய்

குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மனைவி எழுந்துவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். பகல் மணி இரண்டரை. மருத்துவமனையில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து படுத்தவளுக்கு அது நடுநிசி மாதிரி. நாலு மணிக்கு முன்னால் அவள் கண்ணைத் திறப்பதே அபூர்வம். அவள் தூக்கம் கலையக் கூடாது என்றுதான் வீடு முழுக்கத் திரைகளை இழுத்துவிட்டு, கைபேசியின் வாயையும் அடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பலகையைப் பரப்பிக்கொண்டு அவன் காய்களைக்கூடச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"என்ன சிஸ்டரம்மா, தூக்கம் வரலையா?" என்று பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"ம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"டீ போடவா?"

"ம்."

சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தில் தண்ணீரும் பாலும் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். நடைவழியில் திரும்பி வரும்போது படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கட்டிலின் முனையில் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. பித்தவெடிப்பு உள்ள குதிகால். நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்புப் பூச்சு. கேலி செய்தால் அவளுக்குக் கோபம் வருமே, அந்த மெல்லிய குறட்டையும் கேட்டது. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

அவன் அசையாமல் நின்றான். வீட்டில் இருப்பது மூன்றே பேர். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். மூன்றரைக்குப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் அவளைக் கூட்டிவர வேண்டியது அவன் பொறுப்பு. மனைவி கட்டிலில் இருக்கிறாள். அவன் இங்கே நிற்கிறான். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அந்த இரண்டு 'ம்'மைத் தவிர.

மேல்வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருமினால் முதல் மாடியில் கேட்கும். குழாய் வழியாகச் சத்தம் இறங்கி வரும். இரண்டு நாட்களாகச் சரியாகத் தூங்காத மூளைக்கு எது கேட்டாலும் பதில் மாதிரித்தான் இருக்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு திரும்ப மேசைக்கு வந்து உட்கார்ந்தான். ஆனால் நாற்காலியைக் குளியலறைக் கதவு கண்ணில் படும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அவன் வேலை அப்படி. பொம்மைக் கம்பெனிக்காக விளையாட்டுகளுக்கு விதித்தாள் எழுதுபவன். பெட்டியைத் திறந்ததும் மேலே இருக்கும், யாரும் படிக்காமல் தூக்கிப் போடும், பிறகு சண்டை வரும்போது தேடும் தாள். ஒவ்வொரு விதிக்கும் 'அப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று நூறு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த முறை மேலாளர் புதிய சதுரங்கம் ஒன்று கேட்டிருந்தார். பலகை பழையதாக இருக்கலாம், காய்கள் வேறு மாதிரி நகர வேண்டும், ஒரு ஆட்டம்கூட யாருக்கும் வெற்றியில்லாமல் சமமாக முடியக் கூடாது. இன்று மாலைக்குள் தாள் போய்ச் சேர வேண்டும்.

நண்டு என்று ஒரு காயைக் கண்டுபிடித்தான். பக்கவாட்டில் மட்டும் போகும், ஒருபோதும் முன்னால் போகாது. தவளை எதிரிக் காயைத் தாண்டித்தான் நகரும், தாண்ட ஆளில்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். இவையெல்லாம் சில்லறை. அவனுக்குப் பெருமை தந்தது கிணறு. பலகையின் நடுவில் ஒரே ஒரு கட்டம். அதற்குள் போன காய் தானாக வெளியே வர முடியாது. வேறொரு காய் வந்து தொட்டால் இரண்டும் இடம் மாறும். உள்ளே இருந்தது வெளியே வரும், தொட்டது உள்ளே போகும்.

ஆடிப் பார்த்தபோது ஒரு சிக்கல். வெறும் கிணற்றுக்குள் எந்த முட்டாள் போவான்? இரண்டு பக்கமும் அதைச் சுற்றிச் சுற்றி ஆடின. அப்போதுதான் நேற்று மாலை அந்த யோசனை வந்தது. ஆட்டம் தொடங்கும்போதே கிணற்றுக்குள் ஒரு காயை வைத்துவிடுவது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சொந்தமில்லாத காய். வெளியே வந்தால் எந்தக் காயைப் போலவும் நகரும். அதை விடுவிக்க ஆசைப்பட்டுத்தான் எவனாவது முதலில் மாட்டுவான்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி தலைமுடியைக் கொண்டை போட்டபடியே கேட்டாள்.

"அது யாரோட காய்?"

"யாரோடதும் இல்ல."

"பேரு?"

"பேரும் கிடையாது."

"நல்லா இருக்கு போங்க. பேர் தெரியாத ஆளைக் கொண்டாந்து வீட்டு நடுவுல உக்காத்தி வைக்கிறீங்க. அது வெளிய வந்தா எப்படித் திரும்ப உள்ள போகும்?"

அதற்கு அவன் விதி எழுதியிருக்கவில்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "அது போக வேண்டியதே இல்ல" என்றான். அதோடு, அதே இரண்டு காய்கள் மாறி மாறி இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஆட்டம் முடியாது என்பதால், ஒருமுறை மாறிய இரண்டு காய்கள் மறுபடி மாறக் கூடாது என்றும் சேர்த்திருப்பதாகச் சொன்னான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாப்பாவுக்குப் பல் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது மேசையில் அந்த ஆட்டம்தான் இருந்தது. கண்கள் பலகையில் இருந்தாலும் காதுகள் கதவில் இருந்தன. மின்விசிறியின் உராய்வு, பால் சூடேறும் சன்னமான முனகல், மனைவியின் குறட்டை, இவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத் தரையில் யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி நிற்பதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. குளியலறைக் கதவின் கைப்பிடி மெதுவாக இறங்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. மறுபடி மேலே ஏறியது.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருப்பவரால் திறக்க முடியவில்லை என்பதுபோல மறுபடியும் இறங்கி ஏறியது. பிறகு மூன்று தட்டு. பொறுமையான தட்டு.

மனைவியை எழுப்பலாமா என்று நினைத்தான். இரவெல்லாம் நின்ற கால்களோடு வந்தவளை எழுப்பி, குளியலறையில் யாரோ இருக்கிறார்கள், கொஞ்சம் வந்து பார் என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான் அவனை எழுந்து நடக்க வைத்தது. தைரியம் என்று சொன்னால் அது பொய். நடைவழியின் சுவரில் இருந்த விளக்குப் பொத்தானைப் போட்டான். கைப்பிடியைப் பிடித்தான். அது ஈரமாக இருந்தது, வெளிப்பக்கம்.

திறந்தான்.

தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. குளிர்ச்சி. ஊறிய அட்டையின் நாற்றம். அவ்வளவுதான். அடுத்த கணம் அவன் பின்னால் கதவு சாத்தியிருந்தது, அவன் இருட்டில் நின்றான்.

இது அவர்கள் வீட்டுக் குளியலறை இல்லை. வாளி இல்லை, குழாய் இல்லை, மேலே காற்று வரும் துவாரமும் இல்லை. கையை நீட்டினால் நாலு பக்கமும் வழவழப்பான சுவர், நாலு பக்கமும் ஒரே தூரம். காலடியில் கணுக்கால் வரை தண்ணீர் இருந்தது. கதவு இருந்த பக்கத்தில் ஒரு கைப்பிடி மட்டும் இருந்தது, அதை அழுத்தினால் இறங்கியது, விட்டால் ஏறியது, வேறெதுவும் நடக்கவில்லை. ஒரு கட்டம் என்று நினைத்தான்.

வெளியே நடக்கும் சத்தம் கேட்டது.

ஈரப் பாதங்கள் சமையலறைப் பக்கம் போயின. பால் பொங்கி அடுப்பில் விழுந்து சுர்ரென்றது. அடுப்பின் குமிழைத் திருப்பும் சத்தம். பாத்திரத்தை இறக்கும் சத்தம். கோப்பையில் ஊற்றும் சத்தம். பிறகு நாற்காலி இழுபட்டது. யாரோ அவன் மேசையில், அவன் இடத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதி டீ குடித்தார்கள்.

நான் உள்ளே வந்தபோது யார் வெளியே போனது?

அடுத்த அறையில் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டான். திறந்த வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். கத்தினால் அவள் எழுந்திருப்பாள். எழுந்தால் நேராக இங்கேதான் வருவாள். நர்ஸ் அல்லவா, கூப்பிட்ட குரலுக்கு ஓடியே பழகியவள். வந்து இந்தக் கதவைத் திறப்பாள். திறந்தால் அவன் வெளியே, அவள் உள்ளே. கத்தாவிட்டால் அவள் தூக்கத்தில், அதனோடு தனியாக. இரண்டில் எது மோசம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நூறு ஆட்டங்களுக்கு விதி எழுதியவன் கையைக் கடித்துக்கொண்டு இருட்டில் அழுதான்.

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. பாதங்கள் நடைவழியில் வந்தன. படுக்கையறை வாசலில் நின்றன.

"இந்தா... எழுந்திரு" என்றது குரல். அவனுடைய குரல். காலையில் மகளை எழுப்பும்போது இருக்குமே, அந்தக் கரகரப்புகூட அப்படியே இருந்தது. "பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன். வந்து கதவைத் திற."

குறட்டை நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. ஈரப் பாதங்கள் வாசலைவிட்டு விலகின.

"திறக்காதே!" என்று அவன் அலறினான். "திறக்காதே! அது நான் இல்ல! கிட்ட வராதே!"

தப்பு செய்துவிட்டான். அலறி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. கணவன் அலறுவதைக் கேட்டு எந்த மனைவி நின்று யோசிப்பாள்? ஓடிவரும் காலடிகள். "என்னங்க, என்னாச்சு? வழுக்கி விழுந்துட்டீங்களா?" கைப்பிடி வெளியேயிருந்து இறங்கியது. அவன் உள்ளேயிருந்து அதை மேலே தூக்கிப் பிடித்தான். முழு பலத்தோடு தூக்கினான். நோயாளிகளைப் புரட்டிப் பழகிய கைகள் அவளுடையவை.

வெளிச்சம். அவள் தோள். தூக்கத்தின் வெதுவெதுப்பு இன்னும் இருந்த தோள் அவன் தோளில் உரசியது.

அவன் நடைவழியில் நின்றுகொண்டிருந்தான். கதவு சாத்தியிருந்தது.

உடனே திறந்தான். உள்ளே விளக்கு எரிந்தது. நீல வாளி, சோப்புப் பெட்டி, மகளின் வாத்துப் பொம்மை, ஆணியில் தொங்கும் துண்டு. ஆள் யாரும் இல்லை. சாத்தினான். சாத்தியதும் உள்ளேயிருந்து தட்டினாள்.

"ஏங்க? லைட்டைப் போடுங்க. தண்ணியா நிக்குது."

மறுபடி திறந்தான். வாளி, வாத்து, துண்டு. சாத்தினான்.

"விளையாடாதீங்க, பயமா இருக்கு."

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது முட்டாள்தனமாக இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் பேசும் குரலில் கேட்டாள்.

"நேத்து சொன்னீங்களே, கிணறு. அதுவா?"

"ம்."

"அப்ப நீங்க திறந்தா நான் வெளிய வரணுமே."

"நாம ரெண்டு பேரும் ஒரு தடவை மாறிட்டோம்."

"அந்த விதியை அடிச்சிடுங்க."

ஏன் தனக்கு அது தோன்றவில்லை என்று நினைத்தபடி ஓடினான். மேசையில் தாள் இருந்தது. பக்கத்தில் பாதி குடித்த டீ, தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடு. பேனாவை எடுத்து அந்த விதியை அடித்தான், தாள் கிழியும் வரை அடித்தான். பிறகு தாளையே சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தான். வாளி, வாத்து, துண்டு. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது. அவன் எழுதிய ஒவ்வொரு தாளிலும் முதல் வரி அதுதான்.

"இன்னொருத்தர் திறந்தா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.



அப்போதுதான் வீட்டில் இன்னொன்று உலவுகிறது என்பது முழுசாக மண்டையில் ஏறியது. சுத்தியலை எடுத்துக்கொண்டான். தரையில் ஈரத் தடங்கள் இருந்தன. குளியலறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து மேசை, மேசையிலிருந்து படுக்கையறை வாசல். தன் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. அங்கிருந்து தடங்கள் மகளின் அறைக்குப் போயின. உள்ளே தரை காய்ந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். திரைக்குப் பின்னால் பார்த்தான். அலமாரிக் கதவு திறந்திருந்தது, துணிகள் கலைந்து கிடந்தன, ஆனால் அவள் அலமாரி என்றைக்குத்தான் கலையாமல் இருந்தது? பால்கனியில் பார்த்தான், துவைக்கும் இயந்திரத்துக்குள்கூடப் பார்த்தான். வாசல் கதவின் தாழ்ப்பாள் உள்ளே போட்டது போட்டபடி இருந்தது. யாரும் வெளியே போகவில்லை. யாரும் இல்லை.

திரைகளை விலக்கினான். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வெயில், வண்டிச் சத்தம், சாதாரணமான பகல். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்தான். உள்ளே அவளும் கதவில் சாய்ந்திருக்க வேண்டும், குரல் பக்கத்தில் கேட்டது. தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அவன் கைபேசியை எடுத்தான்.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

"குழாய்க்காரரை."



"அவருக்கு ரெண்டு பசங்க" என்றாள்.

"தெரியும்."

வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். சொல்லவில்லை. அதற்காக அவள்மேல் அவனுக்கு அவ்வளவு அன்பு வந்தது, அந்த அன்பை நினைத்தே கூசியது. ஒருத்தர் வந்து திறந்துவிட்டால் போதும், பிறகு அவரை எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்துக்கொள்ளலாம் என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. எண்ணை அழுத்தினான். பாத்ரூமில் கதவு இறுகிக்கொண்டது, தண்ணீரும் நிற்கிறது, கொஞ்சம் அவசரம் என்று சொன்னான். குரல் பிசிறாமல் வந்தது.

"பக்கத்துலதான் சார் இருக்கேன். அரைமணி நேரத்துல வந்துடறேன்" என்றார் குழாய்க்காரர். வெகுநாளாகத் தெரிந்தவர். காசு மிச்சம் இருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் மனிதர்.

அரைமணி நேரம். அவன் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். உள்ளே அவள் நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டினாள், அவன் பதிலுக்குத் தட்டினான். வீட்டுக்குள் எங்கோ ஒரு பலகை முறிவதுபோல மெல்லச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். மகளின் அறைவாசல் இருட்டாகத் தெரிந்தது. அங்கே திரையை விலக்கியது நினைவிருந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கதவைவிட்டு எழ மனம் வரவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்றாள்.

வரமாட்டாரோ. வழியில் வேறு யாராவது கூப்பிட்டுவிட்டார்களோ. மணி பார்க்கக்கூடத் தோன்றாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழைப்புமணி அடித்தது.

"வந்துட்டார்" என்று கதவில் வாயை வைத்துச் சொன்னான். "இதோ, வந்துட்டார்." எழுந்து ஓடினான். ஓடும்போதே முகத்தைத் துடைத்து ஒரு சிரிப்பையும் ஒட்டிக்கொண்டான். உள்ளே வருபவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. தாழ்ப்பாளை விலக்கி, கதவை அகலமாகத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"என்ன தம்பி, மறந்துட்டீங்களா?" என்றாள் கீழ்வீட்டு அக்கா. "மணி நாலாகப் போகுது. பஸ் ஸ்டாப்புல பாப்பா தனியா நிக்கிறா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"தள்ளுப்பா, அவசரம்!"

அவன் கைக்குக் கீழே புகுந்து மகள் ஓடிவிட்டாள். ஒரு செருப்பு இங்கே, ஒரு செருப்பு அங்கே. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தினமும் அப்படித்தான் ஓடுவாள். வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்து, கடைசி பத்தடியில் முகம் சுருங்க ஓடுவாள்.

"நில்லு! பாப்பா, நில்லு!"

வரவேற்பறை. மேசை. கால் தடுக்கியது. எழுந்தான். நடைவழியின் திருப்பம். கதவு சாத்தும் சத்தம்.

திருப்பத்தில் வந்து நின்றான். குளியலறைக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், அவனுக்கு முதுகைக் காட்டியபடி. சீருடை. இரட்டைப் பின்னல். கைப்பிடியை இன்னும் தொடவில்லை.

"ஐயோ, என் கண்ணே." பாய்ந்து வாரி அணைத்தான். அப்படியே மண்டியிட்டான். அவள் திரும்பி, இரண்டு கைகளையும் அவனைச் சுற்றிப் போட்டு, முகத்தை அவன் சட்டையில் புதைத்துக்கொண்டாள். அவன் விம்மினான். நேரத்துக்கு வந்துவிட்டோம், போதும், இவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிட வேண்டும், மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். சட்டை நெஞ்சுப் பக்கம் சில்லென்று நனைந்தது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தான்.

"அவளை ஏங்க விட்டீங்க?"

பின்னால் யாரோ கேட்டார்கள். திரும்பினான். சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். இடுப்பு வரை ஈரம். துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல... இதோ இருக்காளே" என்றான் அவன்.

மனைவி கண்ணைத் தாழ்த்தினாள். அவன் அணைத்திருந்ததைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டிப் பின்வாங்கினாள். வாசலிலிருந்து கீழ்வீட்டு அக்கா, பாப்பா பையை இங்கேயே வைத்துவிட்டுப் போகவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவின் உள்பக்கம், தாழ்ந்த உயரத்தில், சின்னக் கை ஒன்று தட்டியது.

"அப்பா, இருட்டா இருக்குப்பா. லைட்டைப் போடுப்பா."

அவன் கைகளை விலக்கிக்கொண்டான். அவனைச் சுற்றியிருந்த கைகள் விலகவில்லை. முகத்தை அவன் சட்டையிலிருந்து எடுக்காமலே, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.